கிழிந்த வலைக்கு யார் பொறுப்பு?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, நல்லது கெட்டது, நான் நீ, உண்டு இல்லை என்று எல்லாவற்றையும் இரண்டாக வெட்டிப் பார்க்கிற பழக்கத்திலிருந்து வெளியே வருவது பௌத்தப் பயிற்சியில் முக்கியமான விஷயம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. பெரும்பாலும் நம்ம கடற்கரைக் கடிதங்கள்தான், தொண்டியில் ஆரம்பித்து வாலிநோக்கம் வரைக்கும். பாராட்டியவர்களுக்கு நன்றி, அந்தக் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன். சண்டைக்கு வந்த கடிதங்களைத்தான் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும்.

கேள்வி (பாம்பன், நாட்டுப்படகு மீனவர்): ஐயா, தியான வகுப்புக்குப் போயிருந்தேன். "நான் வேற, அடுத்தவன் வேற என்ற எண்ணத்தை விடு" என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. திரும்பி வந்த வாரமே ராத்திரி போட்டிருந்த நண்டு வலையை ஒரு விசைப்படகு இழுத்துக் கிழித்துவிட்டுப் போய்விட்டது. வட்டிக்கு வாங்கிப் போட்ட வலை. அவனும் நானும் ஒன்று என்று எப்படி நினைப்பது?

பதில்: நினைக்க வேண்டாம். முதலில் மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள், படகு நம்பரை யாராவது பார்த்திருந்தால் அதையும் சேருங்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று பிரித்து வைத்ததே இப்படி வலை அறுபடக் கூடாது என்பதற்காகத்தான். அன்றைக்கு யாருடைய முறை என்று கேட்பது உங்கள் உரிமை, கேட்டால் தியானம் ஒன்றும் கெட்டுப்போகாது.

சரி, இப்போது நீங்கள் கேட்ட விஷயம். "அவனும் நானும் ஒன்று" என்று மனசுக்குள் ஓதிக்கொள்வது வேறு, இருமையைக் கடப்பது வேறு. முதலாவதில் நீங்கள் ஒரு கருத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கருத்தை உட்கார வைக்கிறீர்கள், அவ்வளவுதான். பிடிவாதம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் வலை கிழிந்த ராத்திரியே அந்த "ஒன்று" ஓடிப்போய்விட்டது.

பாலி மொழியில் உள்ள சுத்தங்களில், அதாவது புத்தரின் பேச்சுகளைச் சொல்லும் பழைய நூல்களில், ஒரு சம்பவம் வருகிறது. ராஜகிருகத்தில் புத்தர் பிச்சைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அசேல காசியபர் என்று ஒரு நிர்வாணத் துறவி வழிமறித்துக் கேட்கிறார்: துன்பம் என்பது அவரவர் தானே உண்டாக்கிக்கொள்வதா? "அப்படிச் சொல்லாதே." அப்போ அடுத்தவர் உண்டாக்குவதா? "அப்படிச் சொல்லாதே." இரண்டும் சேர்ந்தா? இரண்டும் இல்லாமல் தற்செயலா? எல்லாவற்றுக்கும் அதே பதில். மனுஷன் வெறுத்துப்போய், அப்போ துன்பமே கிடையாதா, இல்லை உமக்குத்தான் அது தெரியாதா என்று கேட்கிறார். துன்பம் இருக்கிறது, அதை நான் அறிவேன் என்கிறார் புத்தர். அப்புறம்தான் ஒன்றைச் சார்ந்து இன்னொன்று எப்படி உண்டாகிறது என்று சங்கிலியாக விளக்குகிறார்.

உங்கள் வலைக்கு இதை வைத்துப் பாருங்கள். ராத்திரி நேரம். கரையை ஒட்டியே இழுவை மடி இழுத்தால்தான் டீசல் காசு மிஞ்சும் என்ற நிலைமை. படகு முதலாளியான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, மீன் பாடு இல்லாமல் கரைக்கு வர முடியாத கூலிக்காரர்கள். வலை கிடப்பதைக் காட்டும் மிதவை இருட்டில் கண்ணுக்குப் பட்டதோ இல்லையோ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஏறிய கடன். இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ராத்திரி. அப்போ ஓட்டினவருக்குப் பொறுப்பு இல்லையா? நிச்சயமாக இருக்கிறது, நஷ்ட ஈடு பேசும்போது இந்தச் சங்கிலியை நீங்களே எடுத்துச் சொல்லி விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். விட வேண்டியது, கிழிந்த வலையை மடியில் போட்டு ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துக்கொண்டே "இந்த விசைப்படகுக்காரன் வம்சமே இப்படித்தான்" என்று திரும்பத் திரும்ப இறுகிக்கொண்டு போகிறதே மனசு, அதைத்தான். அம்பு பட்டவன் இன்னொரு அம்பையும் வாங்கிக்கொள்வது மாதிரி என்று புத்தர் வேறொரு இடத்தில் சொல்வது இதைத்தான். முதல் அம்பு வலை. இரண்டாவதை யாரும் எய்யவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "எனக்கு எல்லாம் ஒன்றுதான், போனால் போகட்டும்" என்று மரத்துப்போவதைச் சிலர் சமநிலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்தப் பயிற்சி நூல் இதை விவரமாகப் பிரித்துக் காட்டுகிறது. சமநிலைக்குத் தூரத்து எதிரி ஆசையும் வெறுப்பும், பக்கத்து எதிரி அறியாமையில் வரும் அசட்டை. பக்கத்து எதிரி என்று சொன்னது ஏன் என்றால், பார்க்க அச்சு அசல் சமநிலை மாதிரியே இருக்கும்.

கேள்வி (ராமநாதபுரம், கல்லூரி மாணவி): நீங்கள் சொல்வது ஆதிசங்கரரின் அத்வைதம்தானே? பெயரை மாற்றி ஏன் புத்தர் கணக்கில் எழுதுகிறீர்கள்?

பதில்: சங்கரரே இதைப் படித்தால் சண்டைக்கு வருவார், தங்கச்சி. பிரம்மசூத்திர பாஷ்யத்தில் பௌத்தப் பள்ளிகளை வரிசையாக நிறுத்தி மறுத்தவர் அவர். ஆனால் அவரையே "மறைமுக பௌத்தர்" என்று திட்டியவர்களும் உண்டு, வேதாந்தத்துக்குள்ளேயே. அவருடைய குருவுக்குக் குருவான கௌடபாதர் எழுதிய காரிகையில் பௌத்தச் சொற்கள் தாராளமாகக் கிடக்கும். ஆக, உங்கள் சந்தேகம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது, கௌரவமான சந்தேகம்.

வித்தியாசம் எங்கே என்றால், அத்வைதத்தில் எல்லா வேறுபாட்டையும் கழித்த பிறகு ஒன்று மிஞ்சுகிறது, அது பிரம்மம், அது மட்டுமே சத்தியம். மகாயான பௌத்தத்தின் பெரிய சிந்தனையாளர் நாகார்ஜுனர் வழியில் கழித்துக்கொண்டே போனால் எதுவும் மிஞ்சாது, "எதுவும் மிஞ்சாது" என்பதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவும் விட மாட்டார். சூனியமும் சூனியம்தான் என்பார். எதுவுமே தன் காலில் தனியாக நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்துதான் ஒன்று என்பதைத்தான் அவர் சூனியம் என்கிறார். ஒன்றுமே இல்லை என்று அதற்குப் பொருள் சொல்லிவிடாதீர்கள், அந்த விளக்கத்தைப் பிசகிப் பிடித்தால் பாம்பைப் பிசகிப் பிடித்த கதைதான் என்று தன் மூல நூலின் 24-ஆம் அத்தியாயத்தில் அவரே பயமுறுத்தி வைத்திருக்கிறார்.

இதற்கு அவர் சாட்சிக்கு அழைப்பதும் ஒரு பழைய சுத்தத்தைத்தான். சரியான பார்வை என்றால் என்ன என்று கச்சாயனர் என்ற பிக்கு கேட்கிறார். உலகம் பெரும்பாலும் இரண்டைப் பிடித்துத் தொங்குகிறது, ஒன்று "உண்டு", இன்னொன்று "இல்லை" என்று தொடங்கி, இரண்டு ஓரத்துக்கும் போகாமல் நடுவில் நின்று சார்பில் தோன்றும் முறையைச் சொல்கிறார் புத்தர். அதே சங்கிலியைத் தமிழில் படிக்க வேண்டுமா, மணிமேகலையின் கடைசிக் காதைக்குப் போங்கள். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு என்று தொடங்கி வினைப்பயன் வரை பன்னிரண்டையும் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பார். பன்னிரண்டு கண்ணிகளில் ஒன்றாவது "நிலையான பொருள்" என்று இருக்கிறதா பாருங்கள்.

தனுஷ்கோடிக்குப் போயிருப்பீர்கள். வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்கிறோம், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்கிறோம். அரிச்சல்முனையில் நின்று இது முடிந்து அது தொடங்கும் கோட்டை எனக்குக் காட்டுங்கள் என்றால் யாராலும் முடியாது, தண்ணீரில் கோடு இல்லை. பெண்கடல் எப்போதும் சாதுவாக இருக்கும் என்றும் இல்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வாடை வந்துவிட்டால் அதே சாதுவான வடக்குப் பக்கம் புரட்டி எடுத்துவிடும். அப்படியானால் இரண்டு பெயரும் பொய்யா? எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாதவரைப் படகில் ஏற்ற மாட்டார்கள். வழக்கில் உள்ள உண்மை, உயர்ந்த உண்மை என்று நாகார்ஜுனர் இரண்டு சொல்கிறாரே, அதில் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதுக்குத் தாவ வழியில்லை என்பதும் அதே 24-ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பௌத்தர்கள் எல்லாரும் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. அக்கரையில் இலங்கையில் இருக்கிற தேரவாத மரபு "இருமையற்றது" என்ற பேச்சையே அதிகம் எடுப்பதில்லை. அவர்களுக்குச் சம்சாரம் சம்சாரம்தான், அதிலிருந்து விடுதலையான நிப்பானம் நிப்பானம்தான். இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை என்று சொல்வது நாகார்ஜுனர் பக்கம். எந்தப் பக்கம் சரி என்று என்னைக் கேட்டால், பயிற்சியில் இறங்குகிறவருக்கு முதல் பத்து வருஷம் தேரவாதக் கறார்தான் நல்லது என்பேன். மகாயானக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி (மண்டபம், ஓய்வு பெற்ற ஆசிரியர்): தியானத்தில் சில நேரம் எண்ணமே இல்லாமல் போய்விடுகிறது. இருமை நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம் சார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கும் நீங்கிவிடுகிறது.

கிண்டலை விடுங்கள். விமலகீர்த்தி என்ற வைசாலி நகரத்துக் குடும்பஸ்தர் பற்றிய மகாயான சூத்திரத்தில், இருமையற்ற நிலைக்குள் நுழைவது எப்படி என்று புத்த நிலையை நோக்கிப் போகிற முப்பதுக்கு மேற்பட்ட போதிசத்துவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். கடைசியில் மஞ்சுசிறீ, இதைச் சொல்லவே முடியாது என்பார். விமலகீர்த்தியின் முறை வரும்போது அவர் வாயே திறக்க மாட்டார். அந்த மௌனத்தை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதே சூத்திரத்தில் அதற்கு முன்பே ஒரு தேவதை கேட்ட கேள்விக்குப் புத்தரின் சீடர் சாரிபுத்திரர் பேசாமல் நிற்பார், விடுதலை சொல்லுக்கு அப்பாற்பட்டது அதனால்தான் பேசவில்லை என்பார். தேவதை விடாது. சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு விடுதலையைப் பேசாதீர், சொல்லும் விடுதலையின் இயல்புதான் என்று பிடித்துக்கொள்ளும். ஒரே நூல், இரண்டு மௌனம், ஒன்றுக்குப் பாராட்டு ஒன்றுக்குக் குட்டு. எண்ணம் நின்றதா என்று பார்க்காமல், எழுந்து வந்து பேரன் ரிமோட்டைப் பிடுங்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி (சின்னப்பாலம், பாசி எடுக்கும் பெண், மகள் எழுதியது): அம்மா கேட்கச் சொன்னது. தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துத்தான் எங்கள் பிழைப்பு. தியானம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் மூச்சைக் கவனி என்கிறார்கள். கவனிக்கிறது நான், மூச்சு வேறு என்றால் அங்கேயே ரெண்டு வந்துவிட்டதே?

பதில்: வந்த கடிதங்களில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த கடிதம் இதுதான். அம்மாவிடம் சொல்லும்மா.

ஆமாம், ரெண்டு வந்துவிட்டது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் ரெண்டுதான், அதை அவசரப்பட்டு ஒட்ட வைக்க வேண்டாம். மூச்சு ஒரு பக்கம், பார்க்கிறவர் ஒரு பக்கம் என்றே இருக்கட்டும். கொஞ்சம் பழகின பிறகு, அந்தப் பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். நெற்றிக்குள் ஒரு இறுக்கம் தட்டுப்படும். அது பார்க்கிறவரா? இல்லை, அதுவும் பார்க்கப்படுகிற ஒன்று. "நான்தான் பார்க்கிறேன்" என்று ஒரு எண்ணம் வரும், அதுவும் வந்து போகிற ஒன்று. தேடத் தேட, தெரிகிறது இருக்கிறது, தெரிந்துகொள்கிறவர் என்று தனியாக ஆள் கிடைக்க மாட்டார்.

உங்கள் வேலையிலேயே இது இருக்கிறது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் பாசியைப் பிய்க்கும் அந்தச் சில நொடியில் கல் இருக்கிறது, பாசி இருக்கிறது, விரல் நழுவுவது தெரிகிறது, தண்ணீரின் இழுப்பு தெரிகிறது. "நான் பிய்க்கிறேன்" என்ற பேச்சு உள்ளே ஓடுகிறதா? மேலே வந்து மூச்சு வாங்கி, பக்கத்தில் இருப்பவர் பையில் எவ்வளவு என்று எட்டிப் பார்க்கும்போதுதான் "நான்" வந்து சேர்கிறது என்று நினைக்கிறேன். சரியா என்று அம்மாவே சொல்லட்டும், எனக்கு நீச்சல் தெரியாது.

உங்களுக்குப் பொருத்தமான ஆள் ஒருவர் இருக்கிறார், பாகியர். கடல் வியாபாரி, கப்பல் உடைந்து பலகையைப் பிடித்துக்கொண்டு மேற்குக் கடற்கரையில், இன்றைய மும்பைக்குப் பக்கத்தில் இருக்கிற சுப்பாரகத்தில் கரை ஒதுங்கினார் என்று உரைகள் சொல்கின்றன. உடுத்தத் துணியில்லாமல் மரப்பட்டையைச் சுற்றிக்கொள்ள, சனங்கள் மகான் என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது, நான் மகான்தானோ என்று. இல்லை, உனக்கு வழியும் தெரியாது என்று ஒரு தேவதை சொல்ல, புத்தரைத் தேடிச் சாவத்திக்கு ஓடினார். பிச்சை நேரம் இது என்று புத்தர் இரண்டு தடவை தட்டிக் கழித்தும், உயிர் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும், இப்போதே சொல்லுங்கள் என்று நின்றார். கிடைத்தது சின்னப் போதனை: பார்த்ததில் பார்த்தது மட்டும் இருக்கட்டும், கேட்டதில் கேட்டது மட்டும், உணர்ந்ததில் உணர்ந்தது மட்டும், அறிந்ததில் அறிந்தது மட்டும். அப்படியானால் அதில் நீ இல்லை. அந்த இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கன்றோடு நின்ற பசு முட்டி இறந்தும் போனார், அவர் அவசரப்பட்டது வீண் போகவில்லை.

அப்போ "நான்" இல்லவே இல்லையா என்று மகள் கேட்பாள். வச்சகோத்தர் என்பவர் புத்தரிடம் நேராகவே கேட்டார், ஆன்மா உண்டா? பதில் இல்லை. ஆன்மா இல்லையா? அதற்கும் பதில் இல்லை. வச்சகோத்தர் எழுந்து போய்விட்டார். ஏன் பேசவில்லை என்று புத்தரின் சீடர் ஆனந்தர் கேட்டபோது, உண்டு என்றால் ஒரு கட்சியில் சேர்ந்தது ஆகும், இல்லை என்றால் எதிர்க் கட்சியில் சேர்ந்தது ஆகும், ஏற்கெனவே குழம்பினவர், முன்னால் இருந்த ஆன்மா இப்போது எங்கே போனது என்று இன்னும் குழம்புவார் என்றார்.

முக்கியமான ஒன்று. இதையெல்லாம் கரையில் உட்கார்ந்து செய்யுங்கள். தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்திருக்கும்போது தியானப் பரிசோதனை எதுவும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (உச்சிப்புளி): எங்கள் பக்கம் ஒரு சாமியார். எல்லாரிடமும் கடன் வாங்குகிறார். திருப்பிக் கேட்டால் "கொடுத்தவனும் வாங்கினவனும் ஒன்று, ஞானிக்குப் பாவ புண்ணியம் இல்லை" என்கிறார். பௌத்தத்திலும் இப்படி உண்டா?

பதில்: ஒன்று என்றால் கொடுத்தவரிடமே பணம் இருந்தாலும் அவருக்கு நஷ்டமில்லையே, அதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

பாவ புண்ணியத்தைக் கடந்தவருக்குப் பயமில்லை என்ற வரி தம்மபதத்தில் இருக்கத்தான் செய்கிறது, 39-ஆவது பாட்டு. அதே தம்மபதத்தில் 183-ஆவது பாட்டு, எந்தப் பாவமும் செய்யாதே, நல்லதைச் செய், மனசைச் சுத்தம் பண்ணு, புத்தர்களின் போதனை இதுதான் என்கிறது. முன்னதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சீனாவிலும் இருந்திருக்கிறார்கள் போல, அதனால்தான் பாய்ஜாங் என்ற சான் (நாம் ஜென் என்று சொல்வது) மரபுக் குருவின் பெயரில் ஒரு கதை. ஞானம் அடைந்தவர் காரண காரியத்துக்குக் கட்டுப்படுவாரா என்று கேட்டதற்குக் "கட்டுப்பட மாட்டார்" என்று சொன்ன ஒரு குரு ஐந்நூறு பிறவி நரியாகத் திரிந்தாராம். பாய்ஜாங் வந்து "காரண காரியத்தை மறைக்க மாட்டார்" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் நரிக்கு விடுதலை. கடன் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறீர்களா?

கேள்வி (கீழக்கரை): எங்கள் மார்க்கத்தில் படைத்தவன் வேறு, அடியான் வேறு. அதில் சமரசமே கிடையாது. நான் இந்தப் பயிற்சியைச் செய்யலாமா?

பதில்: மூச்சோடு அமைதியாக உட்கார யாரும் உங்களிடம் கையெழுத்து கேட்கப் போவதில்லை. ஆனால் அதற்கு அடியில் இருக்கிற பார்வை உங்கள் ஈமானோடு ஒத்துப்போகுமா என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள், நான் சொல்லக் கூடாது. "எல்லா மதமும் ஒன்றுதான் காக்கா, தைரியமாகச் செய்யுங்கள்" என்று சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அது உங்கள் மார்க்கத்துக்கும் மரியாதை இல்லை, புத்தருக்கும் மரியாதை இல்லை. அவர் இரண்டைக் கடக்கச் சொன்னது கடவுளையும் பக்தரையும் ஒன்றாக்குவதற்கு இல்லை, அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

கேள்வி (ஆர்.எஸ். மங்கலம் பக்கம்): எங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் நடுவில் இருக்கிற கோட்டை நாங்கள் போடவில்லை. அதைப் பற்றிப் பேசினால், "வேறுபாடே மாயை, நீதான் அதை மனசில் வைத்திருக்கிறாய்" என்று ஒரு தியான ஆசிரியர் என்னிடம் சொல்கிறார்.

பதில்: அதை அவர் அந்தத் தெருவில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், தம்பி. கோட்டைப் போட்டவர்களிடம் சொன்னால் அது போதனை. கோட்டுக்கு வெளியே நிற்கிறவரிடம் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம்.

வாசெட்ட சுத்தம் என்று ஒன்று இருக்கிறது, தேடிப் படியுங்கள். பிறப்பால் உயர்வா, செயலால் உயர்வா என்று இரண்டு பிராமண இளைஞர்கள் சண்டை போட்டுக்கொண்டு புத்தரிடம் வருகிறார்கள். அவர் புல், மரம், பூச்சி, எறும்பு, பாம்பு, மீன், பறவை என்று வரிசையாகச் சொல்லி, இவற்றுக்கெல்லாம் இனத்துக்கு இனம் உடம்பிலேயே அடையாளம் இருக்கிறது, மனிதருக்குத் தலையிலோ கண்ணிலோ காதிலோ கையிலோ அப்படி ஒரு அடையாளம் இல்லை, மனிதருக்குள் வேறுபாடு பேச்சு வழக்கில் மட்டும்தான் என்கிறார். கவனியுங்கள், உங்கள் ஆசிரியர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைதான். ஆனால் புத்தர் இதைச் சொன்னது பிறப்பை வைத்துப் பெருமை பேச வந்தவர்களிடம்.

அப்புறம், வழக்கில் மட்டும் இருப்பது என்பதால் அது வலிக்காது என்று ஆகிவிடாது. ரூபாய் நோட்டும் வழக்குதான், அது இல்லாமல் வலை வாங்க முடியுமா? ஆட்கள் போட்ட கோட்டை ஆட்கள்தான் அழிக்க வேண்டும், அது கண்ணை மூடி உட்கார்ந்தால் அழிகிற கோடு இல்லை. நம்ம தமிழ்நாட்டில் சாதியை எதிர்த்த அயோத்திதாசர் 1898-இல் இலங்கை போய்த் தீட்சை வாங்கி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது இதற்காகத்தான். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர், தம் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மனிதர் எல்லாரும் சமம் என்று நம்புகிறேன் என்று ஒன்று வைத்தார், அதோடு விடாமல் சமத்துவத்தை நிலைநாட்டப் பாடுபடுவேன் என்று அடுத்ததையும் சேர்த்து வைத்தார். நம்புவதோடு முடிந்துவிடும் என்றால் இரண்டாவது எதற்கு?

உங்கள் கோபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் அதைத் தொடவில்லை.

கேள்வி (தேவிபட்டினம், மீன் வியாபாரம் செய்யும் பெண்): உயிரைக் கொன்று விற்கிற தொழில் பாவம் என்று உங்கள் பத்திரிகையிலேயே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு இந்தத் தியானம் எல்லாம் சரிப்படுமா? அதோடு, மீன் வாடையோடு உட்காரலாமா?

பதில்: உங்களுக்கு இனிப்பாக ஒரு பதில் சொல்லிவிடலாம், ஆனால் நாளைக்கு நீங்களே படித்துத் தெரிந்துகொள்வீர்கள். குடும்பத்தில் இருந்துகொண்டு பௌத்தம் பின்பற்றும் உபாசகர்கள் செய்ய வேண்டாம் என்று புத்தர் ஒதுக்கிய ஐந்து வியாபாரங்களில் ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, விஷம் என்று வருகிறது. இறைச்சி அதில் இருக்கிறது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே நேரம் "மீன்காரி என்றால் பாவி, வெள்ளை வேட்டிக்காரர் என்றால் சுத்தம்" என்று ஆட்களை இரண்டு கூடையில் பிரித்துப் போடுகிறதே, அந்த வேலையை அவர் செய்யவில்லை. செயலுக்கு எடை உண்டு, ஆளுக்கு முத்திரை கிடையாது.

யசோஜர் கதையைச் சொல்கிறேன். சாவத்தி வாசலில் இருந்த மீனவர் குப்பத்தில் பிறந்தவர் என்பது மரபு. பிக்கு ஆகி, ஐந்நூறு பேரோடு புத்தரைப் பார்க்க வருகிறார். வந்த இடத்தில் இருந்தவர்களோடு குசலம் விசாரிப்பதும் பாத்திரத்தை வைப்பதும் படுக்கை போடுவதுமாக ஒரே இரைச்சல். யார் அது, மீன் பிடிக்கிற இடத்து மீனவர்கள் மாதிரி என்று கேட்டு, எல்லாரையும் போகச் சொல்லிவிட்டார் புத்தர். நம்ம ஏலக் கொட்டகையைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. யசோஜர் கோபித்துக்கொண்டு போகவில்லை. வச்சி நாட்டில் வக்குமுதா ஆற்றங்கரையில் இலைக் குடில் போட்டு, நம் நன்மைக்குத்தான் அனுப்பினார் என்று அந்த மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தார்கள். அந்த மழைக்காலத்துக்குள்ளேயே அத்தனை பேரும் கரையேறிவிட்டார்கள். பிறகு புத்தரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வந்தவர்கள் அவர் அசையாத தியானத்தில் இருப்பதைப் பார்த்துத் தாங்களும் அதே நிலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பாவம் ஆனந்தர், ராத்திரி முழுக்க மூன்று தடவை எழுந்து வந்து, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், பேசுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். விடியும்போது புத்தர் சொன்னாராம், உனக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டாய் ஆனந்தா, நானும் இந்த ஐந்நூறு பேரும் ஒரே தியானத்தில்தான் இருந்தோம் என்று.

தொழிலை மாற்ற வழியிருக்கிறதா, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பார்க்கலாமா என்பதெல்லாம் உங்கள் வீட்டுக் கணக்கு, அதில் நான் தலையிட மாட்டேன். வாடையோடு தாராளமாக உட்காரலாம். ஏலம் முடிந்து பஸ் வரும்வரை கிடைக்கிற பத்து நிமிஷம் போதும். ஒன்று மட்டும், காசை எண்ணி முடித்துவிட்டு உட்காருங்கள், இல்லையென்றால் உட்கார்ந்த பிறகு மனசு அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.